தெருவை யார் தலையில் கட்டுவது? வர்ஜீனியாவின் முட்டுச்சந்துகளும் 2009 விதியும்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குத் தெற்கே, வர்ஜீனியா மாநிலத்தில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் அலெக்சாண்ட்ரியா என்றொரு பழைய துறைமுக ஊர் இருக்கிறது. 1749இல் அதை மனை மனையாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். எந்த மனையை யார் வாங்கினார் என்று காட்டும் அந்தக் காலத்து வரைபடம் ஒன்று இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதை வரைந்தவர் 17 வயது ஜார்ஜ் வாஷிங்டன். அதில் உள்ள தெருக்களில் இன்றைக்கும் நடந்து போகலாம். வீடுகள் மாறின, கடைகள் மாறின, துறைமுகத் தொழிலே போய்விட்டது. தெருக்கோடு மட்டும் போட்ட இடத்தில் கிடக்கிறது. எந்த முனையில் நின்றாலும் நாலு பக்கமும் போக வழி உண்டு.

வரைபடத்தை அங்கிருந்து மேற்கே, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குள் நகர்த்துங்கள் (கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). கோடுகள் கொடி போல வளையத் தொடங்கும். ஒவ்வொரு தெருவும் ஒரு சின்ன வட்டத்தில் போய் முட்டி நிற்கும். மனைப்பிரிவு பெரியதாக இருந்தாலும் வாசல் ஒன்றோ இரண்டோதான், அந்த வாசலும் ஓர் அகலமான பிரதான சாலையில்தான் திறக்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு வேலிதான் இருக்கும். ஆனால் ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்ததன் வாசலுக்குப் போக, மனைப்பிரிவைவிட்டு வெளியே வந்து, பிரதான சாலையில் போய், அடுத்த வாசலில் நுழைந்து, மறுபடி வளைந்து வளைந்து வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்டால் ‘கார் வந்தது’ என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி பதில்தான். அமெரிக்கத் தெருக்களை 1920 முதல் 2012 வரை ஆண்டுவாரியாகக் கணக்கெடுத்த கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லார் வீட்டிலும் கார் வருவதற்கு வெகு முன்பே தெருக்களின் இணைப்பு குறையத் தொடங்கிவிட்டது என்பது அதில் ஒன்று. ஆகவே கார் காரணமா என்பதைவிட, ஒரு தெருவைப் போட்ட பிறகு அதை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்ப்பது பயன்படும் என்பது என் எண்ணம். அதைப் பார்க்க வர்ஜீனியா நல்ல இடம். பணம் எங்கிருந்து வந்தது, செலவு யாரிடம் போனது என்பது அங்கே மறைவில்லாமல் தெரிகிறது. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட ஒரு முயற்சியும் அங்கே நடந்தது.

கடனும் வளைவும்

முட்டுச்சந்து வேண்டுமென்றே வரையப்பட்ட ஒன்று. லண்டனின் ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரில் அப்படித் தெரு போடுவதற்கு 1906இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது, ஏனென்றால் அன்றைய ஊர் விதிகள் அதற்கு இடம் தரவில்லை. 1929இல் நியூ ஜெர்சியின் ராட்பர்னில் கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் இருவரும் அதையே முழு ஊருக்கும் அடிப்படையாக வைத்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராட்பர்னில் காருக்குத்தான் தெரு முட்டி நிற்கும். வீடுகளின் மறுபுறம் பூங்காவும் நடைபாதையும் ஓடும், குழந்தைகள் காரைப் பார்க்காமலே பள்ளிக்கூடம் போகலாம். பிற்பாடு இதைப் பார்த்துப் பிரதி எடுத்தவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். பாதி மருந்தைச் சாப்பிட்ட மாதிரி.

பிரதி எடுக்க வைத்தது கடன். 1934இல் அமெரிக்க மத்திய அரசு, வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி தரும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தைத் தொடங்கியது. கடன் வாங்கியவர் கட்டத் தவறினாலும் வங்கிக்கு நஷ்டமில்லை. 1936இல் அது மனைப்பிரிவு போடுபவர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. சதுரக் கட்டத் தெருக்கள் வீண்செலவு, பார்க்க அலுப்பு, விபத்துக்கும் வழி. வளைந்த தெருவும் முட்டுச்சந்தும் நல்லது என்பது அதன் சாரம். நாற்சந்தியைவிட முச்சந்தி மேல் என்றும் சொன்னது. இதெல்லாம் சட்டம் இல்லை. யாரும் கட்டத் தெரு போடலாம். ஆனால் நிர்வாகத்தின் விருப்பப்படி வரைபடம் இருந்தால்தான் அந்த மனைகளுக்குக் காப்புறுதிக் கடன் சுலபமாகக் கிடைக்கும். விற்க வந்தவர் எதைப் போடுவார் என்று சொல்லவே வேண்டாம்.

அதே நிர்வாகத்தின் மதிப்பீட்டு விதிகள், இயற்கையான அல்லது செயற்கையான தடுப்புகள் ஒரு குடியிருப்பை ‘ஒத்துப்போகாத’ இனத்தவர் வரவிலிருந்து காப்பதாகவும் எழுதிவைத்தன. ஒரே வாசல் உள்ள மனைப்பிரிவின் அமைதிக்குப் பின்னால் போக்குவரத்துப் பொறியியல் மட்டும் இருந்ததாகப் பேசுவது நேர்மையாகாது.

1965இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் தொழில் அமைப்பும் மனைப்பிரிவுத் தெருக்களுக்கு இதே வழியில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஊர்த் திட்டக்காரர்கள் அதை அப்படியே தங்கள் விதிப்புத்தகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். தலைமுறை மாறியபோது காரணம் மறந்து வழக்கம் மட்டும் நின்றது.

ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி வளர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். 1940இல் அங்கே சுமார் 41 ஆயிரம் பேர். 1964இல் தலைநகரைச் சுற்றிய வளையச் சாலை முழுமையானது. 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10 லட்சத்து 81 ஆயிரம். இத்தனை பேருக்கும் வீடு, ஒரு பண்ணைக்கு ஒரு மனைப்பிரிவு என்ற கணக்கில், ஒவ்வொருவர் நிலத்துக்குள்ளும் தனித்தனியாகப் போடப்பட்டது. பக்கத்து நிலத்தோடு தெருவைச் சேர்க்க வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. சேர்த்தால் விற்பனைக்குப் பாதகம், சேர்க்காவிட்டால் யாருக்கும் உடனே நஷ்டமில்லை.

மாநிலம் இரண்டு முறை கொடுத்த காசு

இனி வர்ஜீனியாவுக்கே உரிய விஷயம். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் வீட்டுத் தெருக்களை ஊரோ கவுண்டியோ பராமரிக்கும். வர்ஜீனியாவில் 1932ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கவுண்டிச் சாலைகளை மாநிலத்தின் கையில் கொடுத்தது. பொருளாதார மந்தத்தில் தத்தளித்த கிராமக் கவுண்டிகளுக்குக் கை கொடுக்கச் செய்த ஏற்பாடு. இன்று ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ இரண்டு கவுண்டிகளைத் தவிர மற்றவற்றில் கடைசி முட்டுச்சந்து வரை பராமரிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறைதான்.

நடைமுறை இப்படி. மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது கவுண்டி. தெருவைப் போடுவது பில்டர். போட்டு முடித்ததும் தரம் பார்த்து மாநிலம் ஏற்றுக்கொள்ளும். அதற்கப்புறம் பனி தள்ளுவது, குழி அடைப்பது, தார் போடுவது எல்லாம் என்றென்றைக்கும் மாநிலத்தின் பாடு. தெரு எங்கே போகிறது என்று தீர்மானிப்பவர் ஒருவர், அதன் செலவைச் சுமப்பவர் வேறொருவர்.

முதல் செலவு இந்தப் பராமரிப்பு. பன்னிரண்டு வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் காலடி வைக்காத தெருவுக்கு மாநிலம் முழுவதும் வரி கட்டுகிறது. இரண்டாவது செலவு பெரியது. உள்தெருக்கள் ஒன்றோடொன்று சேராததால், பள்ளிக்கூடம் போகும் காரும் பால் வாங்கப் போகும் காரும் நீண்டதூரம் போகும் லாரியோடு சேர்ந்து ஒரே பிரதான சாலையில் ஏறும். சாலை நெரியும். நெரிந்தால் அகலப்படுத்த வேண்டும். அந்தச் சாலையும் மாநிலத்துடையது. ஆக, உள்ளே இணைப்பு இல்லாததற்கு வெளியே அபராதம் கட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

காசு தவிர மற்ற பாதிப்புகளும் உண்டு. ரீட் யூயிங், ராபர்ட் செர்வெரோ இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் தந்த கணக்கின்படி, தெருச் சந்திப்புகளின் அடர்த்தி 10 சதவீதம் கூடினால் நடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது, கார் ஓடும் தூரம் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. காரில் கிடைக்கும் குறைவு சின்னதாகத் தோன்றலாம், ஆனால் தெரு நூறு வருஷம் இருக்கும் பொருள். கலிபோர்னியாவின் 24 நகரங்களை ஒப்பிட்ட வெஸ்லி மார்ஷல், நார்மன் காரிக் இருவரும் தெருக்கள் நெருக்கமாகப் பின்னிய நகரங்களில் சாலை மரணங்கள் குறைவு என்று கண்டார்கள். ‘சந்திப்பு கூடினால் விபத்து கூடும்’ என்ற பழைய பாடத்துக்கு இது நேர் எதிர். பக்கத்து மாநிலமான வட கரோலினாவின் ஷார்லட் நகரம் தன் தீயணைப்பு நிலையங்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டது. இணைப்பு நன்றாக உள்ள பழைய பகுதியில் ஒரு நிலையம், முட்டுச்சந்துப் பகுதி நிலையத்தைவிடப் பல மடங்கு வீடுகளை அதே நேரத்துக்குள் எட்டுகிறது என்று அதில் தெரிந்தது. வண்டியும் ஆளும் ஒன்றுதான், வேறுபாடு தெருவில்தான்.

2009: ‘சேராவிட்டால் ஏற்கமாட்டோம்’

வர்ஜீனியா சட்டமன்றம் 2007இல், தெருக்களை ஏற்றுக்கொள்ளும் விதியை மாற்றி எழுதச் சொன்னது. ஆளுநர் டிம் கெய்னின் காலம் அது. புதிய விதி 2009 ஜூலை முதல் கட்டாயமானது. முட்டுச்சந்து போடக் கூடாது என்று அது சொல்லவில்லை. எப்படி வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் பக்கத்து நிலங்களோடும் சாலைகளோடும் சேராத தெருவை மாநிலம் ஏற்காது, நீங்களே பராமரித்துக்கொள்ளுங்கள் என்றது. 1936இல் கடன் செய்த வேலையை இப்போது பராமரிப்பு செய்யப் பார்த்தது. எனக்கு இதில் பிடித்தது இந்த நேர்த்திதான். தடை போடவில்லை, காசை மட்டும் நகர்த்தினார்கள்.

விதியின் நடுநாயகம் ஒரு எண், இணைப்புக் குறியீடு. தெருத் துண்டுகளின் (ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள தெரு ஒரு துண்டு) எண்ணிக்கையைச் சந்திப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. முட்டுச்சந்தின் முனையும் ஒரு சந்திப்பாகவே கணக்கில் வரும். மாநிலத்தை நெருக்கமான பகுதி, புறநகர், கிராமம் என்று மூன்றாகப் பிரித்து, முதல் வகைக்கு 1.6, இரண்டாவதற்கு 1.4 என்று குறைந்தபட்சம் வைத்தார்கள்.

எண்ணின் பொருள் புரிய ஒரு சின்னக் கணக்கு. 20 சந்திப்புகள் உள்ள ஒரு மனைப்பிரிவை மரக்கிளை மாதிரி, எங்குமே வளையம் இல்லாமல் வரைந்தால் அதில் 19 துண்டுகள்தான் இருக்க முடியும். குறியீடு 0.95. அதை 1.4 ஆக்க 28 துண்டுகள் வேண்டும், அதாவது கூடுதலாக ஒன்பது இடத்தில் தெருவைத் தெருவோடு சேர்க்க வேண்டும். 1.6 என்றால் பதின்மூன்று இடம். மறுபக்கம், முடிவில்லாமல் நீளும் சரியான சதுரக் கட்டத்தில் இந்த எண் 2ஐ நெருங்கும். ஆக 1.4 என்பது கட்டத் தெருவைக் கேட்கவில்லை. வளைவும் இருக்கட்டும், சில முட்டுச்சந்தும் இருக்கட்டும், மரத்தை வலையாக்கினால் போதும் என்றது.

எண்ணில் ஓட்டையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அது தூரத்தை அளக்காது. ஒரே வாசலுள்ள மனைப்பிரிவுக்குள்ளேயே குட்டிக் குட்டி வளையங்களாகப் போட்டு எண்ணை ஏற்றிவிடலாம். உள்ளே சுற்றலாம், வெளியேதான் போக முடியாது. வெளி இணைப்பைத் தனியாகக் கேட்காவிட்டால் குறியீடு வெறும் அலங்காரம். விதி எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது, பல திசைகளில் வெளி இணைப்பு வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தார்கள்.

ஓடை, சரிவு, ஈரநிலம் உள்ள இடத்தில் எண் ஒத்துவரவில்லை என்று வீடு கட்டுபவர்கள் முறையிட்டார்கள். நிலப் பயன்பாடு தங்கள் அதிகாரம், அதில் மாநிலம் பின்வாசல் வழியாக நுழைகிறது என்ற கசப்பு கவுண்டிகள் பக்கம் இருந்தது. ஆனால் இவர்களைவிட வலுவான எதிர்ப்பு எப்போதும் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடமிருந்துதான் வரும். அவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் செய்த புகழ்பெற்ற ஆய்வில், வண்டிகள் குறைந்த தெருவாசிகளுக்கு, நெரிசலான தெருவாசிகளைவிட மூன்று மடங்கு நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். தன் தெருவை அடுத்த பிரிவோடு சேர்த்தால் குறுக்கு வழி தேடும் கார்கள் வரும் என்று பயப்படுபவர் கற்பனையில் பயப்படவில்லை. அவருக்குத் தன் தெரு அமைதியாக இருக்க வேண்டும், மற்ற எல்லாத் தெருவும் திறந்திருக்க வேண்டும். எல்லாரும் அப்படியே நினைத்தால் கிடைப்பது ஃபேர்ஃபாக்ஸ்.

இதற்கென்றே ‘நாளைக்குச் சேரும் முனை’ என்ற ஏற்பாடு உண்டு. பக்கத்து நிலம் காலியாக இருந்தால், தெருவை எல்லைவரை கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். பிறகு அங்கே மனை போடுபவர் அதோடு சேர்த்துக்கொள்வார். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடப்பில், பத்து வருஷம் அந்த முனையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டிப் பழகிவிடுவார்கள். சேர்க்க ஆள் வரும்போது ஊரே கூட்டம் போட்டு எதிர்க்கும். ‘இது பிற்பாடு நீளும்’ என்று பலகை வைத்தாலும் வீடு வாங்குகிறவர் பலகையைப் படித்துவிட்டா வாங்குகிறார்?

2011இல் சட்டமன்றம் மறுபடி தலையிட்டது. அந்த ஆண்டின் கடைசியில் திருத்திய விதி வந்தது. இணைப்புக் குறியீடு போயிற்று, மூன்று பகுதிப் பிரிவும் போயிற்று. குறைந்தது இரண்டு வெளி இணைப்பு என்பது நின்றது, அதற்கும் விலக்குகளோடு.

இதைத் தோல்வி என்று எழுதிவிடத்தான் முதலில் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. எண்ணின் ஓட்டையை மேலே பார்த்தோம். வெளி இணைப்பைக் காப்பாற்றி எண்ணை விட்டது, இரண்டில் ஒன்றைத்தான் விட முடியும் என்றால், சரியான தேர்வுதான். ஆனால் இரண்டு என்பது மிகக் குறைவு. ஒன்று பிரதான சாலைக்கு, மற்றொன்று காலி நிலத்தைப் பார்த்து நிற்கும் முனை என்றால் உண்மையில் கிடைப்பது ஒன்றே. அப்புறம், முழு விதி நடப்பில் இருந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 2009இல் அமெரிக்கா முழுவதும் கட்டத் தொடங்கிய வீடுகள் சுமார் 5 லட்சத்து 54 ஆயிரம், 1959இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத குறைவு. மழையே இல்லாத வருஷத்தில் குடையைச் சோதித்த மாதிரி.

மற்ற இடங்களில்

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் திருப்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் கணக்கில் முட்டுச்சந்து உச்சம் தொட்டது 1994 வாக்கில். ஒரு சந்திப்பில் சராசரியாக எத்தனை தெரு சேர்கிறது என்ற அளவில் பார்த்தால், 1994க்கும் 2012க்கும் நடுவே தெருச் சிதறல், அதாவது தெருக்கள் ஒன்றோடொன்று சேராத தன்மை, சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தது. கட்டத் தெருவை ஊக்குவிக்கும் உள்ளூர் விதிகள் இருந்த இடங்களில் இணைப்பில் ஏற்றம் அதிகம். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் வட்டாரம் 530 அடிக்கு ஒரு ஊடுதெரு என்று விதி வைத்தது இதற்கு நல்ல உதாரணம்.

உலகத்தின் மற்ற பாகம் எதிர்த்திசையில் போனது. அதே இருவர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள்தொகை அதிகமுள்ள 134 நாடுகளில் 90 சதவீத நாடுகளில் 1975க்குப் பிறகு வந்த புதுத் தெருக்கள் முன்பைவிடக் குறைவாக இணைந்திருந்தன. 2000க்குப் பிறகு முன்னேற்றம் காட்டியவை 29 சதவீதம் மட்டுமே. பாங்காக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கடன் நிர்வாகம் அங்கே இல்லை, கையேடும் இல்லை. நீள நீளமான வயல் துண்டுகள் ஒவ்வொன்றாக மனையாகின, ஒவ்வொன்றிலும் ஒரு சந்து பிரதான சாலையிலிருந்து உள்ளே போய் முட்டியது. சேர்க்கச் சொல்ல யாரும் இல்லை என்ற ஒன்று போதும்.

சேர்ப்பதென்றால் காருக்கும் சேர்த்துத்தான் என்றில்லை. நெதர்லாந்தின் ஹவுட்டன் ஊரில் கார் சுற்றுவட்டச் சாலைக்குப் போய்த்தான் அடுத்த பேட்டைக்குள் வர முடியும், சைக்கிளும் நடையும் நேராக ஊடே போகும். ராட்பர்னைப் பிரதி எடுத்தவர்கள் விட்டுவிட்ட பாதி அங்கே ஊர் அளவில் பிழைத்திருக்கிறது. முட்டுச்சந்துக்காரரின் பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. வேலியில் ஓர் ஆள் நுழையும் வழி, இரண்டு முட்டுச்சந்தின் முனைகளைச் சேர்க்கும் ஒரு நடைபாதை, இவ்வளவே. ஆனால் அந்த ஆள் நுழையும் வழிக்குக்கூட இரண்டு பேர் மனையிலிருந்து சில அடி வேண்டும். வீடு விற்ற பிறகு அதைக் கேட்பது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான்.

விட்ட தும்பைப் பிடிக்க ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியே ஓரிடத்தில் முயல்கிறது. டைசன்ஸ் என்ற வணிகப் பகுதி, பெரிய பெரிய வாகன நிறுத்துமிடங்களும் அலுவலகக் கட்டடங்களுமாகத் தெருவே இல்லாமல் வளர்ந்தது. 2010இல் கவுண்டி அதற்குப் புதிய திட்டம் போட்டது, நடக்கத்தக்க கட்டத் தெருக்கள் வேண்டும் என்று. 2014இல் மெட்ரோ ரயில் நான்கு நிலையங்களோடு வந்தது. தெருவுக்கு நிலம் மொத்தமாக அரசிடம் இல்லை. கூடுதல் மாடி கட்ட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு நில உரிமையாளரும் தன் எல்லைக்குள் வரும் தெருத் துண்டைப் போட்டுத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் கட்டம் ஒரே கோடாக வருவதில்லை. துண்டு துண்டாக வருகிறது. ஒருவர் போட்ட தெரு, பக்கத்துக்காரர் கட்டத் தொடங்கும்வரை, அவர் வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறது.